குல்மர்க்கில் பனிச்சறுக்குக்குச் செல்வோர் எந்த டிரான்ஸீவரை வாங்கலாம்?

காஷ்மீரின் குல்மர்க்கில் ஓடும் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் மேல்நிலையம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கியதும், கண்காணிப்புக்கு உட்பட்ட பாதைகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் புதுப்பனி யாரையும் ஈர்க்கும். குல்மர்க் பகுதியில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர். எல்லைக் கயிற்றைத் தாண்டும் ஒவ்வொருவர் உடலிலும் டிரான்ஸீவர் இருந்தே தீர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இது தொடர்ந்து ரேடியோ சிக்னல் அனுப்பும் சிறு கருவி; யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சிக்னலைப் பின்தொடர்வார்கள். கடையில் கிடைக்கும் பலவற்றுள் எதைத் தேர்வது என்பதுதான் கேள்வி.

எல்லா நிறுவனங்களின் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. ஆகவே குழுவில் ஆளுக்கொரு நிறுவனத்தின் கருவி இருந்தாலும் ஒன்றின் சிக்னல் மற்றதற்குக் கேட்கும். முழுவதுமாகப் புதையுண்டவர்களில், முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோருள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தை நெருங்கும்போது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்திருக்கும் என்பதால், உடன் வந்த நண்பரே மீட்பர். அச்சத்தில் கை நடுங்கும் அந்த நண்பர், தடித்த கையுறையோடு எவ்வளவு எளிதாக ஒரு கருவியை இயக்க முடியும் என்பதையே நான் முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் பேக்கன்ட்ரி ஆக்சஸ் நிறுவனத்தின் ட்ராக்கர் எஸ் முன்னே நிற்கிறது. மூன்று ஆன்டெனா, திசை காட்டும் விளக்குகள், தூரத்தைக் காட்டும் பெரிய எண் ஆகியவற்றோடு அதன் முகப்பு முடிந்துவிடுகிறது. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய மெனு எதுவும் இல்லை. நாம் நகரும்போது எண்ணும் திசை விளக்கும் உடனுக்குடன் மாறுவது, புதிதாகக் கற்பவருக்கு மிகுந்த நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் ஒருவருக்கு மேற்பட்டோர் புதைந்திருந்தால், கண்டுபிடித்தவரின் சிக்னலைச் சிறிது நேரத்துக்கு மட்டுமே இதில் அடக்கி வைக்க முடியும். அடுத்தவரைத் தேடிப் போகும் வழியில் முதல் சிக்னல் மீண்டும் தலைகாட்டுவது குழப்பத்தை உண்டாக்கும்.

மாம்முட் நிறுவனத்தின் பாரிவாக்ஸ் எஸ் அங்கேதான் வலிமை காட்டுகிறது. புதைந்திருப்போரின் பட்டியலைத் திரையில் காட்டி, கண்டுபிடித்தவரைக் குறித்து ஒதுக்கிவிட்டு அடுத்தவரை நோக்கி அழைத்துச் செல்கிறது. சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதும் சிக்கலான தேடலுக்கு, சிக்னலை நேரடியாகக் காதால் கேட்கும் அனலாக் ஒலியும் இருக்கிறது. இதன் தேடல் பட்டை, அதாவது ஒரு நடையில் தேடி முடிக்கும் பரப்பு, 70 மீட்டர் அகலமானது என்ற விளம்பரத்தை மட்டும் நிதானமாக எடைபோட வேண்டும். சரிந்து கிடக்கும் பனிக்குவியல் 100 மீட்டர் அகலமாக இருந்தால், 50 மீட்டர் பட்டையுள்ள கருவியோடும் 70 மீட்டர் பட்டையுள்ள கருவியோடும் இரண்டு முறை நடந்தாக வேண்டும். குவியலின் அகலம் 50-க்கும் 70-க்கும் இடையில், அல்லது 100-க்கும் 140-க்கும் இடையில் என, சில அகலங்களில்தான் ஒரு நடை மிச்சமாகிறது. அந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவை வழிநடத்துபவர் பலரைத் தேடும் வசதிக்காகக் கொடுப்பதே நியாயம்.

ஆர்டோவாக்ஸ் டைராக்ட் வாய்ஸ் தேடுபவருக்குக் குரலால் வழிசொல்கிறது. திசை தவறினால் காதிலேயே எச்சரிக்கை விழுவது பதற்றத்தில் உண்மையான உதவி. ஆயினும் அதன் லித்தியம் அயன் பேட்டரியை வெளியே எடுத்து மாற்ற முடியாது. பனிப்பொழிவில் மின்சாரம் நின்றுபோகும் விடுதியில் தங்குபவருக்கு, கடையில் வாங்கிப் போடும் அல்கலைன் பேட்டரியே பாதுகாப்பானது.

எந்தக் கருவியானாலும் முக்கிய சுவிட்சைக் கையுறையோடு இயக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பீப்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்பி ப்ரோ, டிஎஸ்பி ஸ்போர்ட் ஆகியவை, சுவிட்ச் சிக்னல் அனுப்பும் நிலையிலிருந்து தற்செயலாக நழுவிவிடக்கூடும் என்பதால் 2021-இல் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய பொருள் விற்பனையில் இவற்றைக் கண்டால் கட்டாயம் விசாரியுங்கள். ஒற்றை ஆன்டெனாவோடு வந்த பழைய அனலாக் கருவிகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

ட்ராக்கர், பாரிவாக்ஸ், டைராக்ட் மூன்றிலும் ஒரே வகையாக இருப்பது தேடலின் கடைசி மூன்று மீட்டர். அங்கே கருவியைப் பனியின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் மெதுவாக நகர்த்தி, மிகக் குறைந்த எண் தோன்றும் புள்ளியைக் கண்டறிய வேண்டும். பிறகு அந்தப் புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகத் துழாவுகோலைக் குத்திச் செல்ல வேண்டும்; ஆளைத் தொட்டதும் கோலை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். வேகமாக ஓடிவந்தவர்கள் பெரும்பாலும் நேரத்தை இழப்பது இந்தச் சிறு வட்டத்துக்குள்தான். செல்பேசியும் காமிராவும் குறுக்கீடு செய்யும் என்பதால், சிக்னல் அனுப்பும்போது குறைந்தது 20 சென்டிமீட்டரும் தேடும்போது 50 சென்டிமீட்டரும் அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை குல்மர்க் செல்லும் ஒருவருக்கு என் தேர்வு ட்ராக்கர் எஸ். அதற்கும் பாரிவாக்ஸ் எஸ்ஸுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டை மடக்கும் துழாவுகோலுக்கும், உலோகத் தகடு கொண்ட ஷவலுக்கும், ஒரு மீட்புப் பயிற்சிக்கும் செலவிடலாம். வாடகைக்கு எடுப்பவர்கள் பேட்டரி அளவைப் பார்த்து, கடை வாசலிலேயே இரண்டு கருவிகளை வைத்து அனுப்புதல், தேடுதல் இரண்டையும் சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.