முதல் மர லேத்: 10 அங்குலமா, 12 அங்குலமா, பழைய கனரக லேத்தா?

லேத் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு நீளம் கடையலாம்?" என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். பல மேசை லேத்துகளுக்குப் பின்னாளில் கூடுதல் பெட் (லேத்தின் அடித்தண்டவாளம்) வாங்கி நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டையைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலுக்கும் பெட்டுக்கும் உள்ள இடைவெளி வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான். 10 அங்குல லேத் என்றால் அந்த இடைவெளி 5 அங்குலம். 10 அங்குலத்துக்குமேல் அகலமான கிண்ணம் அதில் சுற்றாது.

பேனா, பம்பரம், உளிப்பிடி, பூரிக்கட்டை போதும் என்பவருக்கு, பெல்ட்டைக் கையால் மாற்றி வேகம் வைக்கும் 10 அங்குல லேத்தே நிறைவாக இருக்கும். சாதாரண மோட்டார், படிப்படியான புல்லி, அவ்வளவுதான். கெட்டுப்போனால் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

கிண்ணம் கடைய ஆசை வந்தால்தான் சிக்கல். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 9 அங்குலக் கட்டைக்கு ஏறக்குறைய 670 முதல் 1000 சுற்று. இது உருண்டையாகக் கடைந்த பிறகு. ஒரு பக்கம் கனத்த, பட்டை போகாத பச்சைக் கட்டையை இதைவிட வெகுவாகக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். பெல்ட் லேத்துகள் பலவற்றில் குறைந்தபட்ச வேகமே 500-ஐ ஒட்டி இருக்கும். அந்த வேகத்தில் மேசையே ஆடும், கட்டை பிடியை விட்டுப் பறக்கவும் கூடும்.

அதனால் என் ஓட்டு, வேகத்தைத் திருகி மாற்றும் 12 அங்குல லேத்துக்கு. ஜெட் 1221விஎஸ் மாடல் 60 முதல் 3600 சுற்று வரை போகும். ஒன்றைக் கவனியுங்கள்: திருகியைக் குறைத்து வைத்தால் மட்டும் இழுவை கிடைக்காது. கிண்ணத்துக்குப் பெல்ட்டையும் குறைந்த வேகப் புல்லிக்கு மாற்றுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதானால் மோட்டார் 115 வோல்ட்டா என்று பாருங்கள், நம் வீட்டு மின்சாரம் 230.

பட்டறையை மூடுகிறவர்களிடம் பழைய வார்ப்பிரும்பு லேத் கிடைத்தால்? கனம்தான் அதன் பலம், அதிர்வே தெரியாது. ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும். ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி), டெயில்ஸ்டாக் (மறுமுனையில் கட்டையைத் தாங்கும் பகுதி) இவற்றின் முனைகளை நெருக்கி வைத்தால் நேருக்கு நேர் தொட வேண்டும். மோட்டார் மூன்று ஃபேஸ் என்பதற்காக விட்டுவிட வேண்டாம். ஒற்றை ஃபேஸில் ஓடும் சிறிய விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) வைத்தால் வீட்டிலேயே இயங்கும், வேகமும் திருகியில் வந்துவிடும். நல்ல இடவசதியும் தூக்கி வைக்க ஆளும் இருந்தால் 12 அங்குலத்தைவிட இதையே எடுப்பேன்.

பெட்டுக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்த மலிவு லேத்துகள் மட்டும் வேண்டாம். உளி பட்டதும் குழாய் வளைந்து கொடுக்கும்.

எதை எடுத்தாலும் ஸ்பிண்டில் மரை 1 அங்குலம் 8 டிபிஐ (அங்குலத்துக்கு 8 புரி) அல்லது எம்33 (33 மி.மீ. விட்டம்) ஆக இருக்கட்டும், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் தேடி அலைய வேண்டியிருக்காது. சக், உளி தீட்டும் கிரைண்டர், முகம் முழுதும் மறைக்கும் காப்புக் கவசம், நாலு நல்ல உளி இவற்றுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் லேத் பாருங்கள்.