வெளிநாட்டில் வேலை, புதுச்சேரியில் வாடகை வீடு: வாங்கிச் சில ஆண்டுகள் ஆனபின் தெரிவது

பாரிஸிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ பக்கத்துக் கடலூரின் மஞ்சக்குப்பத்திலோ ஒரு வாடகை வீடு. இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் வீட்டைப் பற்றி அதிகம் குறை சொல்வதில்லை. வாடகைப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, யார் வரி பிடிக்கிறார், ஊரில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதில்தான் சிக்கல் வருகிறது. புதிதாக வாங்குபவர்களோ ஆறு மாதம் வீடு தேடுகிறார்கள், இந்த மூன்றையும் பத்திரப்பதிவு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

யார் வாங்கலாம் என்பது சுருக்கமான விஷயம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என்ஆர்ஐயும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவரும் குடியிருப்பு வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பிரான்சு புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைத்த 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையில் தொடரும் புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஓசிஐ எடுக்காமலேயே இருக்கிறார்கள். பிரான்சில் வசித்துக்கொண்டு வாங்க நினைத்தால் முதலில் அந்த அட்டை. ‘பூர்வீகம் இங்கேதானே’ என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுபடாது. விலையை வங்கி வழியாகவே கட்ட வேண்டும்.

அடுத்து, எந்த அரசின் எல்லையில் வீடு இருக்கிறது? புரோக்கர் ‘பாண்டிதான்’ என்று காட்டும் மனை கோட்டக்குப்பத்தில் இருந்தால் அது விழுப்புரம் மாவட்டம். முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடி என்றால் கடலூர் மாவட்டம். தமிழ்நாட்டுப் பக்கம் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். புதுச்சேரிக்கு விகிதமும் வழிகாட்டி மதிப்பும் வேறு. வாடகைச் சட்டமும் வேறு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். பழைய பதினோரு மாத வெள்ளைத்தாள் பழக்கம் கடலூரில் இன்னும் ஓடுகிறது. தகராறு வந்தால்தான் அதன் பலவீனம் வெளியே வரும். பட்டா பார்க்கப் புதுச்சேரியில் ‘நிலமகள்’ தளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளம்.

புதுச்சேரி நகரத்துப் பழைய வீடு என்றால் மூலப்பத்திரம் பிரெஞ்சில், நொத்தேர் (பிரெஞ்சு முறையில் பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) எழுதியதாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். விற்பவரின் முன்னோர் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி ரெனோன்சாந்து (தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள்) ஆனவர்கள் என்றால் வாரிசுரிமைக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மனதில் வைத்து வாரிசுகளை எண்ணினால் கணக்கு தப்பும். மர்செய்யில் இருக்கும் அத்தை மகள் ஒருவரின் கையெழுத்து விடுபட்டாலும் பின்னால் வழக்கு.

இனி வருமானம். ஒரு மாதிரிக் கணக்கு: கடலூரில் வீடு 60 லட்சம், பதிவுச் செலவு 5.4 லட்சம், ஆக 65.4 லட்சம். வாடகை 16,000. ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் வருவது 1,76,000. வீட்டுவரி 6,000, பெயின்ட், மோட்டார், குழாய் வேலைக்குச் சராசரி 25,000, பார்த்துக்கொள்பவருக்கு 14,000. மிச்சம் 1,31,000, அதாவது போட்ட பணத்தில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். வங்கி வைப்பே இதைவிட அதிகம் தரும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முதலீடு நிற்கிறது. அதையும் யூரோவில் பாருங்கள்: 2015ல் ஒரு யூரோ 70 ரூபாய் அளவில் இருந்தது, 2025 கடைசியில் 100ஐத் தாண்டிவிட்டது. இந்தப் பத்தாண்டில் ரூபாயில் 43 சதவீதம் ஏறிய வீடு, யூரோ கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வாடகையிலிருந்து வரி பிடிப்பதுதான் பெரும்பாலோருக்குத் தெரியாத இடம். வீட்டுக்காரர் உள்ளூரில் வசிப்பவர் என்றால் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் குடியிருப்பவர் டிடிஎஸ் (வாடகை தருமுன்பே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2. வாடகை 16,000 என்றால் 4,992 பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு 11,008ஐ உங்களுக்குத் தர வேண்டும். அதற்குக் குடியிருப்பவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்) எடுக்க வேண்டும், காலாண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். ஜிப்மரில் படிக்கும் மாணவரோ சிப்காட்டில் வேலை பார்ப்பவரோ இதையெல்லாம் செய்வாரா? முதல் மாதம் சரி என்பார், மூன்றாம் மாதம் முழு வாடகையையும் ஜிபேயில் அனுப்பிவிடுவார். பிடிக்காத வரிக்கு வட்டியும் பொறுப்பும் அவர் தலையில் ஏறும். அலுவலகத்தில் வாடகைப்படி கேட்க உங்கள் பான் எண்ணைக் கொடுக்கும்போது விஷயம் வெளியே வரும்.

நடைமுறையில் ஓடுகிற வழி ஒன்று உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே வருமானவரித் துறையிடம் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மேலே சொன்ன கணக்கில் வீட்டுவரியும் 30 சதவீத நிலைக்கழிவும் போக வரிக்குரிய வருமானம் 1,19,000தான். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. டான் எடுப்பது, கட்டுவது, அறிக்கை தருவது எல்லாவற்றையும் உங்கள் ஆடிட்டரே குடியிருப்பவர் பெயரில் செய்துகொடுத்து, செலவை நீங்கள் ஏற்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பிடித்த வரி திரும்ப வர, ரிட்டர்ன் போட வேண்டும். ‘12 லட்சம் வரை வரியில்லை’ என்ற சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வருமானவரிச் சட்டம் 2025 என்ற புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய வீடியோக்களில் சொல்லும் எண்ணை வைத்துத் தேடாதீர்கள்.

அப்பா கணக்கில் வாடகை விழட்டும் என்று விடுவது நம் ஊரில் சகஜம். வீடு உங்கள் பெயரில் இருந்தால் வருமானமும் உங்களுடையதுதான், கணக்கு மட்டும் அவருடையது. என்ஆர்ஓ கணக்கு (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான ரூபாய்க் கணக்கு) திறந்து வாடகையை அதிலேயே வாங்குங்கள். வெளிநாடு போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிமீறல். அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும்.

இருக்கும் நாட்டின் விதியும் சேரும். அமீரகத்தில் தனிநபர் வருமானவரி இல்லை. சிங்கப்பூரிலும் வெளிநாட்டு வாடகைக்குப் பொதுவாக வரி இல்லை. பிரான்சு அப்படியல்ல. வாடகையை 2047 படிவத்திலும் என்ஆர்ஓ கணக்கை 3916 படிவத்திலும் காட்ட வேண்டும். கணக்கைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ அபராதம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு வாடகை. இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் சொல்லவே தேவையில்லை என்று நினைப்பதுதான் அங்கே அதிகம் நடக்கும் தவறு.

மச்சானுக்கோ அண்ணனுக்கோ பவர் கொடுக்கும்போது பொதுப் பவர் வேண்டாம். வாடகைக்கு விட, வரி கட்ட, மின்துறையில் கையெழுத்துப் போட என்று மட்டும் எழுதிய தனிப் பவர் போதும். விற்க, அடமானம் வைக்க உரிமை இல்லை என்றும் அதில் ஒரு வரி சேருங்கள். பிரான்சில் நொத்தேர் முன் கையெழுத்திட்டு அப்போஸ்தில் (பத்திரம் வெளிநாட்டிலும் செல்வதற்கான சான்று முத்திரை) வாங்கலாம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகம்தான் நேர்வழி. இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். உறவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். போக்கியத்துக்கு விடாதீர்கள்: ஐந்தாறு லட்சம் மொத்தமாகப் பவர் வைத்திருப்பவர் கைக்குப் போகும், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டியது நீங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை இந்தக் கரையில் எதிரி உப்புக்காற்று. கம்பியை மூடும் கான்கிரீட் மட்டமாக உள்ள கட்டடத்தில் பத்தாண்டில் கம்பி துருவேறி உப்பி, சன்ஷேடு அடியில் காரை பெயரும். வாங்கும்போது சன்ஷேடு, பால்கனி அடி, தண்ணீர்த்தொட்டித் தூண் மூன்றையும் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். ‘டொக்’ என்று வெற்றொலி வந்தால் விலை பேசும் இடம் அதுதான். இரும்பு கிரில்லுக்கு ஜிங்க் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குமேல் தாங்காது. வெள்ளக்குறி பார்க்க 2024 ஃபெஞ்சல் புயல் நல்ல அளவுகோல்: அன்று ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் நின்ற தண்ணீரையும், தென்பெண்ணைக் கரையோரக் கடலூரில் அடுத்தடுத்த நாளில் வந்த தண்ணீரையும் அக்கம்பக்கத்தார் கையை வைத்தே காட்டுவார்கள். மீட்டர் பெட்டியும் சம்ப் மூடியும் அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஆரோவில் பக்கம் வெளிநாட்டவருக்கு விட்டால் 24 மணி நேரத்தில் இணையவழியில் குடியேற்றத் துறைக்குத் தகவல் தர வேண்டும். ஊரில் அதைச் ‘சி படிவம்’ என்பார்கள்.

விற்கும் காலத்துக்கான வேலை வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்குமேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. பணவீக்கச் சரிக்கட்டல் என்ற தெரிவு என்ஆர்ஐக்கு இல்லை. குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழை நீங்கள் எடுக்காவிட்டால் வீட்டை வாங்குபவர் முழு விலையிலும் வரி பிடிப்பதே வழக்கம். பணத்தை வெளியே கொண்டுபோக, முதலில் அந்நியச் செலாவணியில் கட்டியதற்கான வங்கிச் சான்று வேண்டும்; அந்த வழியில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் அனுமதி. சான்று தொலைந்திருந்தால் என்ஆர்ஓ வழி, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்புக்குள்.