மித்ராயெத்தா, மார்ட்டினோவா?

பெல்ஜியத்தில் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட இரண்டு சாண்ட்விச்கள் பேர்போனவை. தலைநகர் பிரஸ்ஸல்ஸ், பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதியான வல்லோனியா பக்கம் மித்ராயெத். டச்சு பேசும் வடக்குப் பகுதியான ஃபிளாண்டர்ஸ் பக்கம் மார்ட்டினோ. இரண்டுக்கும் நீளமான பகெட் ரொட்டிதான். அதற்கப்புறம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

மித்ராயெத் கிடைப்பது ஃப்ரிட்கொட் எனப்படும் ஃபிரைஸ் கடைகளில். ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, ஃப்ரிகாடெல் (அரைத்த இறைச்சியில் செய்து பொரித்த சாசேஜ்), மெர்கேஸ் (வட ஆப்பிரிக்கக் கார சாசேஜ்) என்று நாம் கேட்கும் இறைச்சியை உள்ளே வைப்பார்கள். அதன்மேல் ஃபிரைஸை அள்ளிக் கொட்டி, சாஸ் ஊற்றித் தருவார்கள். நான் பார்ப்பது இறைச்சியை அல்ல, ஃபிரைஸைத்தான். நல்ல கடையில் உருளைக்கிழங்கை முதலில் 150 டிகிரி வாக்கில் உள்ளே வேகும்படி பொரித்து எடுத்து ஆறவிடுவார்கள். ஆர்டர் வந்தபின் 180 டிகிரி பக்கம் மறுபடி போட்டு எடுப்பார்கள். இரண்டாவது தடவை பிடிக்கும் அந்த மொறுமொறுப்புதான் சாஸையும் ரொட்டிக்குள் அடைபடும் ஆவியையும் தாக்குப்பிடிக்கும். அது சரியாக வராவிட்டால் பாதி தின்பதற்குள் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போகிறவர்கள் இழப்பதும் இந்த மொறுமொறுப்பைத்தான்.

சாஸில் ஆண்டலூஸ் என்பது மயோனைஸோடு தக்காளி விழுதும் குடைமிளகாயும் சேர்ந்தது, லேசான இனிப்பு. சமுராய் மயோனைஸில் மிளகாய் விழுது கலந்தது. மெர்கேஸ் ஏற்கெனவே காரம் என்பதால் அதற்கு ஆண்டலூஸே போதும். காரமில்லாத ஃப்ரிகாடெலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமுராய் கேளுங்கள்.

மார்ட்டினோவில் அடுப்புக்கே வேலை இல்லை. ஃபிலே அமெரிக்கேன் என்ற, மசாலா சேர்த்த பச்சை மாட்டிறைச்சி விழுதை ரொட்டியில் தடவி, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், நெத்திலி வகை உப்பு மீன், காரமான சாஸ் வைத்துத் தருவார்கள். கெண்டும் ஆன்ட்வெர்ப்பும் இது எங்கள் ஊர்ச் சரக்கு என்று உரிமை கொண்டாடுகின்றன. புளிப்பும் உப்பும் காரமும் ஒரே கடியில் சேர்வதால், ருசியின் நுணுக்கத்தில் மார்ட்டினோதான் மேல். ஆனால் இறைச்சி அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டும். கூட்டம் வந்து போகும் கடையில் மதியத்தில் வாங்குவதே நல்லது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் மித்ராயெத் பக்கம். குளிர்கால இரவில், கடைசி ரயிலுக்கு முன் பசியோடு நிற்கிறவருக்கு அதுபோல் வயிறு நிறைக்க வேறொன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அது கனம். பிற்பகல் முழுக்கத் தூக்கம் சொக்கும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு மார்ட்டினோ கிடையாது. மித்ராயெத்திலும் கோழி கேட்டால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய முறைப்படி நடக்கும் கடைகளில் ஃபிரைஸைப் பொரிப்பதே மாட்டுக் கொழுப்பில்தான். தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளும் உண்டு, ஆர்டர் கொடுக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.