கேஸ் இருந்தாலும் ஓசூர்ல கம்பெனி வேலை, வெரிஃபிகேஷன் நாங்க பாத்துக்கறோம்னு சொன்னா நம்பாதீங்க

ஓசூர் பக்கம் வேலை தேடி வர்றவங்க, அதுலயும் பேர்ல கேஸ் இருந்து ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவங்க, அவங்க வீட்டு ஆளுங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. என் சொந்தத் தம்பிக்கு நடந்தது இது.

எங்களுக்கு ஊரு பாலக்கோடு பக்கம். வரப்புத் தகராறுல பங்காளி ஒருத்தர தம்பி கட்டையால அடிச்சு மண்டை உடைஞ்சு கேஸாகி, தண்டனை ஆகி சேலம் சென்ட்ரல் ஜெயில்ல இருந்துட்டு வந்தான். வந்தப்புறம் ஊர்ல தக்காளி மண்டில மூட்ட தூக்கக்கூட கூப்பிடல, அதான் நான் இங்க வாடா, சிப்காட் இருக்கு, நானும் மாமாவும் இருக்கோம்னு கூட்டிட்டு வந்தேன். ஆனா இங்க கம்பெனிக்கு ஆள் எடுக்கற காண்ட்ராக்டர் பாதிப்பேரு ஆதாரோட போலீஸ் வெரிஃபிகேஷனும், அதான் பேர்ல கேஸ் இருக்கான்னு பாத்து போலீஸ் குடுக்கற சர்டிபிகேட்டும் கேக்கறாங்க. அங்கதான் மாட்டுனோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மாடில வேலை வாங்கித் தர்ற ஆபீஸ், பேரு போடல, போட்டாலும் நாளைக்கு போர்ட மாத்திருவாங்க. ஃபார்ம் ஃபில் பண்ணும்போது அந்த ஆளு ரொம்ப பாசமா "கேஸ் கீஸ் ஏதாச்சும் இருந்தா மறைக்காம சொல்லுப்பா, நம்ம பையன் மாதிரி நீ, உதவி பண்ணத்தான் கேக்கறேன்"னு கேட்டான், தம்பியும் உள்ளத சொல்லிட்டான். அந்த நிமிஷத்துல இருந்து ரேட்டே மாறிப்போச்சு. மத்த பசங்ககிட்ட ரெஜிஸ்ட்ரேஷன்னு சின்னத் தொகை வாங்குனவன் எங்ககிட்ட மட்டும் "தண்டனை முடிச்சவங்களுக்குன்னு தனி ஃபீஸ் இருக்கு, அத ஆன்லைன்ல கட்டுனா பழைய கேஸ் வெரிஃபிகேஷன்ல வராது, இது கவர்மெண்ட் ரூல்"னு சொல்லி 22,000 கேட்டான். மாமா சீட்டு எடுத்துக் குடுத்தாரு. பாதி கையில, பாதி வேற யாரோ பேருக்கு ஜிபே. தம்பியோட பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட், டிசி ஒரிஜினல் ரெண்டையும் வேற வாங்கி வச்சுக்கிட்டான்.

கொஞ்ச நாள் கழிச்சு கலர் பிரிண்ட்ல ஒரு சர்டிபிகேட் வந்துச்சு. மேல போலீஸ் எம்பளம், கீழ ஸ்கேன் பண்ற கோடு, எல்லாம் இருக்கு, லேமினேஷன் கூட போட்டிருந்தான். கம்பெனில எச்சார் மேடம் வாங்கிப் பாத்துட்டு, உங்க ஊரு பாலக்கோடு பக்கம்னா ஸ்டேஷன் பேரு ஏன் ஓசூர்ல போட்டிருக்குன்னு கேட்டாங்க, அப்புறம் அதுல இருந்த நம்பர போட்டு செக் பண்ணாங்க, வேற யாரோ பொண்ணு பேரு வந்துச்சு. தம்பிக்கு கை நடுங்கிருச்சு. அந்த மேடம் நல்லவங்க, போலீஸக் கூப்பிடல, ஆனா கேட் பாஸ வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.

நானும் மாமாவும் போய் கேட்டதுக்கு அந்த ஆளு சொன்னதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். "போலி சர்டிபிகேட்ட கொண்டுபோய் குடுத்தது உன் தம்பி, ஸ்டேஷனுக்குப் போனா உள்ள போறது யாரு? ஏற்கனவே ஒரு கேஸ் இருக்கற பையன் சொல்றத நம்புவாங்களா, இல்ல நான் சொல்றத நம்புவாங்களா?" இவ்ளோதான் இவனுங்க தொழிலே. ஸ்டேஷன் வாசல மிதிக்க பயப்படறவனா பாத்து தேடிப் புடிக்கறாங்க. தம்பி விடுக்கா, போனது போகட்டும்னு அழுதான், ரெண்டு நாளு சாப்பிடவே இல்ல. எனக்கு மனசு ஆறல.

என்கூட லைன்ல வேலை செய்யற அக்கா ஒருத்தங்க சொல்லித்தான் 15100க்கு போன் பண்ணோம், அது இலவச சட்ட உதவி நம்பர். ஓசூர் கோர்ட்லயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, அங்க போகச் சொன்னாங்க. வக்கீலம்மா பொறுமையா கேட்டாங்க. போலின்னு தெரிஞ்சே குடுத்தாதான் புதுச் சட்டத்துல, அதான் 2024 ஜூலைல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதால, 340வது பிரிவு உங்க தம்பி மேல வரும், நிஜம்னு நம்பி காசு கட்டி ஏமாந்தவன் மேல எப்படி வரும், ஏமாத்துனதுக்கு 318, போலியா தயார் பண்ணதுக்கு 336, அது அந்த ஆளு மேலதான்னு சொன்னாங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அவன் வாட்ஸப்ல அனுப்புன வாய்ஸும் இருந்ததால புகார் எழுத ஈஸியா இருந்துச்சு. அதனால காசு குடுத்த ஆதாரத்தையும் அவனுங்க பேச்சையும் அழிக்காதீங்க. புகார் குடுத்த பிறகு மார்க்‌ஷீட், டிசி திரும்ப வந்துச்சு. காசு இன்னும் வரல, கேஸ் போய்ட்டு இருக்கு.

வக்கீலம்மா சொன்னதுல எல்லாருக்கும் ஆகறத சொல்றேன். வெரிஃபிகேஷன தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல நம்மளே அப்ளை பண்ணலாம், தனி ஆளுக்கு ஃபீஸ் 500 ரூபாய்தான். கேஸ மறைக்கன்னு எந்த ஃபீஸும் கிடையாது, இருக்கற கேஸு வரத்தான் செய்யும். குத்தம் இல்லன்னு கோர்ட்டே விடுதலை பண்ணியிருந்தா தீர்ப்பு காப்பிய கையில வச்சுக்கோங்க. முதல் தப்புன்னு ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தைல விட்டிருந்தா 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்துல 12வது பிரிவு இருக்கு, அந்தத் தண்டனைய வச்சு தகுதி இல்லன்னு ஆக்கக் கூடாதுன்னு, அத வக்கீல்கிட்ட கேளுங்க. கேட்டா உண்மையத்தான் சொல்லணும். 2016ல அரசு வேலை பத்துன அவ்தார் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே, தண்டனை, கைது, நிலுவை கேஸ் எதையும் மறைக்கக் கூடாது, சொன்னாலும் வேலை குடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா சின்ன விஷயமா இருந்தா பாத்து விடலாம்னு சொல்லிருக்கு. செக்யூரிட்டி வேலைக்கு எடுத்துக்கறேன்னு யாராச்சும் காசு கேட்டா இன்னும் உஷாரா இருங்க, அதுக்கு 2005 தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி சட்டப்படி நடத்தைய பாத்துத்தான் ஆள் எடுக்கணும், கேஸ் இருக்கறவங்கள முதல்ல தட்டிக் கழிக்கறது அங்கதான்.

வேலைக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். கிருஷ்ணகிரில மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ் இருக்கு, தனியார் கம்பெனி முகாம் நடத்தறாங்க, கவர்மெண்டோட தனியார் வேலை வெப்சைட்லயும் பதியலாம், எல்லாமே ஃப்ரீ.

தம்பி இப்ப தளி ரோட்டுல ஒரு ரோஜா பசுமைக்குடில்ல வேலை செய்யறான். போன அன்னைக்கே ஓனர் அண்ணன்கிட்ட "அண்ணா, என் மேல அடிதடி கேஸ் இருந்துச்சு, தண்டனை முடிச்சுட்டேன்"னு சொல்லிட்டான். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு ஒரு மாசம் பாக்கறேன்பா, வேலைய ஒழுங்கா செய்யின்னாரு. விடிகாலைல பூ வெட்டி, இலை உருவி, ஈரப் பேப்பர்ல கட்டு கட்டி வைக்கறான், கையெல்லாம் முள்ளு கீறல், ஆனா சம்பளம் நேரா அவன் அக்கவுண்டுக்கு வருது.

அந்த மாடி ஆபீஸ் இப்ப வேற தெருவுக்கு மாறிருச்சாம், வாட்ஸப் குரூப்ல "கேஸ் இருந்தாலும் பரவால்ல"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது, வாசகம் அப்படியே அதேதான். ஏற்கனவே காசு கட்டுனவங்க இருந்தா மெசேஜ அழிக்காம எடுத்துட்டு கோர்ட்ல இருக்கற அந்த சட்டப் பணிகள் குழுவுக்கு நேரா போங்க, தனியா போக பயமா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, லீவு நாள் இல்லாட்டியும் பர்மிஷன் போட்டு நானே கூட வர்றேன்.