ஓஎம் சிஸ்டம் டிஜி-7: உடம்பு அடி தாங்கும், படம் எவ்வளவு தாங்கும்?

தண்ணீர், மணல், அடி எல்லாம் தாங்கும் கையடக்கக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் ஆழக் கணக்கைத்தான். பானசோனிக் எஃப்டி7 என்றால் 31 மீட்டர். நிக்கான் டபிள்யூ300 என்றால் 30, ரிக்கோ டபிள்யூஜி-6 என்றால் 20. 2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7 வெறும் 15 மீட்டர்தான். அந்த ஒரு எண்ணைப் பார்த்து அதைத் தள்ளிவிடாதீர்கள். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்துகிறவர்களில் பெரும்பாலானோர் நாலைந்து மீட்டருக்குக் கீழே போவதே இல்லை. படம் நன்றாக வருமா வராதா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு: லென்ஸின் எஃப் எண் (அது சிறியதானால் ஒளி அதிகம் நுழையும்), ரா கோப்பு வசதி (ஒளியைப் பதியும் சென்சார் தந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிப்பது). எஃப்டி7, டபிள்யூ300, டபிள்யூஜி-6 மூன்றிலும் ரா கிடையாது. டிஜி-7இல் உண்டு.

இந்த வகைக் கேமராக்களின் படத்தரம் ஏன் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை? லென்ஸ் வெளியே நீண்டால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் புகும். அதனால் ஜூம் முழுக்க உடலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். பல மாடல்களில் ஒரு முப்பட்டகம் ஒளியை 90 டிகிரி திருப்பி உள்ளே அனுப்புகிறது. அவ்வளவு குறுகலான இடத்தில் அடங்கும் லென்ஸுக்கு ஏற்றது 1/2.3 அங்குல சென்சார்தான். அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். பெரிய சென்சார் வைத்தவர்களும் இருக்கிறார்கள். 2016இல் லைக்கா எக்ஸ்-யூ, லென்ஸ் மாற்றும் கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி அளவுப் பெரிய சென்சாரோடு 15 மீட்டர் தாங்கியது, ஆனால் அதில் ஜூம் இல்லை. எடையும் 600 கிராமை ஒட்டி வந்தது. டிஜி-7 சுமார் 250 கிராம்.

சோனி ஆர்எக்ஸ்0 II-ஐப் பலரும் மாற்றாகச் சொல்வார்கள். அதில் 1 அங்குல சென்சார், பரப்பு 116 சதுர மில்லிமீட்டர், அதாவது டிஜி-7ஐப் போல நான்கு மடங்கு. ஆனால் லென்ஸ் எஃப்/4, மாறாத 24 மி.மீ. கோணம் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும்). டிஜி-7 அகலக் கோணத்தில் 25 மி.மீ., எஃப்/2. எஃப்/4க்கும் எஃப்/2க்கும் இடையே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதுவும் நான்கு மடங்குதான். ஆக, ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு சென்சாரும் மொத்தமாகப் பிடிக்கும் ஒளி ஏறக்குறைய சமம். மங்கலான இடத்தில் சோனியிடம் பெரிய அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல வெயிலில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணரும் திறனின் அளவு) அது முந்தும்: மேகத்தின் வெள்ளையும் பாறை நிழலும் ஒரே படத்தில் தேறும். ஆனால் அது 10 மீட்டர்தான் தாங்கும், 20 சென்டிமீட்டருக்குக் கிட்டே ஃபோகஸும் ஆகாது.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். எஃப்டி7 எஃப்/3.3இல் தொடங்குகிறது, டபிள்யூஜி-6 எஃப்/3.5இல். சென்சார் ஏறத்தாழ அதே அளவு, வருகிற ஒளியோ மூன்றில் ஒரு பங்குதான். 20 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதால் இது ஈடாகாது. டிஜி-7இன் 12 மெகாபிக்சல் இந்த அளவு சென்சாருக்குச் சரியான முடிவு.

டிஜி-7இன் பலவீனமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஜூமை 100 மி.மீ. வரை இழுத்தால் எஃப்/4.9 ஆகிவிடும், ஒளி ஆறில் ஒரு பங்காகக் குறையும். கேமரா ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றும். கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக் படத்தில் இலையும் முடியும் வழித்து விட்டதுபோல மழுங்கும். ஆகவே எஃப் எண்ணை நாமே வைக்கும் ஏ மோடில் எஃப்/2 வைத்து, ஐஎஸ்ஓ உச்சவரம்பை 800இல் நிறுத்தி, ரா போட்டு, ஜூமைத் தொடாமல் கிட்டே போய் எடுங்கள். முழு மேனுவல் மோடு இல்லை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடும் இல்லை. இத்தனை தலைமுறை ஆகியும் அதைக் கொடுக்காதது பெரிய குறை.

கிட்டே போவதுதான் இந்தக் கேமராவின் உயிர். மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும். ஒரு நண்டின் கண் காம்பும், பவளப் பூச்சியின் விரிந்த கைகளும் திரை நிறைய வரும். பொருள் முழுக்க ஃபோகஸில் அடங்காதபோது ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்து, கேமராவே ஒன்றாகச் சேர்த்துத் தரும். அந்த நேரம் பொருளும் கையும் அசையக் கூடாது. அவ்வளவு கிட்டத்தில் கேமராவின் நிழலே பொருளின் மேல் விழும், அதற்கு எல்ஜி-1 ஒளி வளையத்தைத் தனியாக வாங்கியாக வேண்டும். பாக் நீரிணை போல ஆழமில்லாத, கலங்கலான நீரில் இந்த நெருக்கம் இன்னும் உதவும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே தண்ணீர் குறையக் குறையப் படம் தெளியும். தூரத்து மீனுக்கு ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் துகள்கள்தான் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். ஒரு முழத்துக்கு மேல் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

இனி உறுதி. உடம்பு 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ எடை ஏறினாலும், -10 டிகிரி குளிரிலும் தாங்கும் என்பது தன் சோதனைகளை வைத்து நிறுவனம் சொல்வது. விழும் சோதனை பொதுவாக மரப்பலகை மேல் நடப்பது. நிக்கான் தன் சோதனைக்கு 5 சென்டிமீட்டர் ஒட்டுப்பலகை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கருங்கல் முனையில் விழுவது வேறு கதை. முன் கண்ணாடி கீறலுக்கு உத்தரவாதமும் இல்லை.

தண்ணீர் புகுந்து கெடும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆழம் அல்ல, கதவு. பேட்டரிக் கதவின் ரப்பர் சீலில் ஒரு முடியோ ஒரு மணலோ ஒட்டினால் ஒரு மீட்டரிலேயே தண்ணீர் ஏறும். மூடுமுன் சீலையும் அது உட்காரும் விளிம்பையும் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவி, பூட்டு முழுக்க நகர்ந்ததைக் கண்ணால் பாருங்கள். கடற்கரையில் கதவைத் திறக்கவே கூடாது, கார்டையும் பேட்டரியையும் அறையிலேயே மாற்றிவிடுங்கள். கடலிலிருந்து வந்ததும் கதவு மூடியபடியே நல்ல தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பொத்தான்களை அமுக்கி அமுக்கி உப்பை வெளியேற்றுங்கள். குழாயின் வேகத்தில் காட்ட வேண்டாம். கேமராவோடு தண்ணீரில் குதிக்கவும் வேண்டாம், அந்த நொடியில் சீலின் மேல் விழும் அழுத்தம் ஆழத்தின் கணக்கை மீறிவிடும். சிலிக்கான் கிரீஸ், அதிக ஆழத்துக்குக் கேமராவை உள்ளே வைத்து மூடும் வெளிக்கூண்டின் ரப்பர் வளையத்துக்கு மட்டும்தான், கேமராக் கதவின் சீலுக்கு இல்லை. சீலை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸில் மாற்றுவது நல்லது.

ஸ்கூபா செய்கிறவர்களுக்கு பிடி-059 வெளிக்கூண்டு 45 மீட்டர் வரை கொண்டுபோகும். சாதாரணக் கேமராவைக் கூண்டில் போட்டால் ஒரு கசிவு கேமராவையே தின்றுவிடும். இங்கே கூண்டு கசிந்தாலும் 15 மீட்டருக்குள் உள்ளிருக்கும் கேமரா பிழைத்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே டிஜியைச் சிபாரிசு செய்யலாம்.

மாலை வெளிச்சத்தில் முகங்கள், மலைக்காட்சி இவைதான் வேண்டும் என்றால் நல்ல செல்போனே போதும், படம் அதில்தான் நன்றாக வரும். ஆனால் செல்போனின் ஐபி68 (தூசியும் நீரும் தாங்கும் தரக்குறியீடு) சோதனை நன்னீரில் நடப்பது, நீருக்குள் தொடுதிரையும் வேலை செய்யாது. கடலுக்கு அது வேண்டாம். கையில் முந்தைய மாடலான டிஜி-6 இருந்தால் மாற்றத் தேவையில்லை: லென்ஸ், சென்சார் இரண்டும் அதேதான். யூஎஸ்பி-சி, கொஞ்சம் நல்ல பிடிமானம், செங்குத்து வீடியோ போன்றவைதான் புதிது. பழைய டிஜி-6 வாங்குவதானால் சீலை மாற்றி, சர்வீஸில் அழுத்தச் சோதனை செய்துவிட்டே தண்ணீரில் இறக்குங்கள்.