டைல்ஸ் பசைக்கு உமிச்சாம்பலா, நிலக்கரிச் சாம்பலா?

கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் கறுத்துக் குவிந்திருக்கும் உமிச்சாம்பலைக் காணும் எவருக்கும், டைல்ஸ் பசையில் சீமெந்தின் ஒரு பங்கைக் குறைத்து இதைச் சேர்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. இதற்குப் போட்டி, புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பல். அது தீவின் மறுகரையிலிருந்து லொறியில் வரவேண்டும். ஆயினும் பசைக்கு நான் அதையே தேர்வேன்.

இரண்டும் வேலைசெய்யும் விதம் ஒன்றே. சீமெந்து நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் கல்சியம் ஐதரொட்சைட்டுடன் சாம்பலின் சிலிக்கா சேர்ந்து மேலும் பிணைப்புப் பொருளை உருவாக்குகிறது. நன்றாக எரித்த உமிச்சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா இருப்பதால் வினைத்திறனில் அதுவே முந்தும். ஆனால் ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குள் கட்டுப்படுத்தி எரித்தால்தான் அந்தச் சிலிக்கா பளிங்குருவாகி வினைபுரியும் திறனை இழக்காமல் தப்பும். நெல் அவிக்கும் அடுப்பு நீராவிக்காக எரிகிறதே தவிர, சாம்பலின் தரத்துக்காக அன்று. ஒரு நாள் கரி மிஞ்சியும், மறுநாள் அளவுமீறி வெந்தும் சாம்பல் வெளிவரும். அரைத்தெடுத்தாலும் அதன் நுண்துளைத் துகள்கள் நீரை உறிஞ்சுவதால் பசை இறுகும். மேசன் வாளியில் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றுவார். ஊற்றிய அளவுக்குப் பிடிப்புக் குறையும். பறக்கும் சாம்பலின் துகள்களோ பெரும்பாலும் உருண்டையானவை என்பதால் அதே நீரளவில் கலவை இளகி, பல்வைத்த கரண்டிக்குத் தடையின்றி விரியும்.

இரும்பு உருக்கும் ஊதுலையில் மிஞ்சும் கசடும் இப்படிச் சேர்க்க நல்ல பொருள்தான். கப்பலில் வரவேண்டியதால் இங்கே அதைப் பேசிப் பயனில்லை.

பறக்கும் சாம்பலின் குறை, அது மந்தமாக வினைபுரிவது. கொங்கிறீற்றில் அது பெரிய இடையூறு அன்று. அங்கே ஈரம் நெடுநாள் தங்கும். பசையோ சில மில்லிமீற்றர்ப் படலம். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் அதை விரித்த சற்று நேரத்திலேயே மேற்பரப்பு ஆடை கட்டிவிடும். ஈரம் போனால் சாம்பலின் வினையும் நின்றுவிடும். ஆகவே சீமெந்தைக் குறைப்பவர், ஈரத்தைப் பிடித்துவைக்கும் செலுலோசு ஈதரிலும் கைவைக்கக் கூடாது. ஐரோப்பிய ஈஎன் 12004 தரநிலையின் சாதாரண வகைப் பசைக்கு, நீரில் ஊறிய பின்னரும் சதுர மில்லிமீற்றருக்கு 0.5 நியூட்டன் பிடிப்பு வேண்டும். சீமெந்துக்குப் பதிலாகச் சேர்க்கும் சாம்பல் 20 வீதத்தைத் தாண்டும் எந்தக் கலவையையும் அந்தச் சோதனை பார்க்காமல் நான் ஏற்கமாட்டேன்.

ஆலைச் சாம்பலைச் சேர்த்தே தீரவேண்டுமென்றால், சலித்து அரைத்து, 10 வீதத்துக்குள் வைத்து, உள்வீட்டுத் தரையோடு நிறுத்திக்கொள்ளலாம். நாள்தோறும் நனையும் குளியலறைச் சுவருக்கு அது வேண்டாம்.