உள்ளே அமர்வதா, வெளியே நிற்பதா: கூட்டணி ஆட்சியின் இரு வடிவங்கள்

2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில், தம்முடன் சேரும் கட்சிகளுக்கு ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு தரப்படும் என்று விஜய் அறிவித்தார். விடுதலைச் சிறுத்தைகள் நெடுங்காலமாக எழுப்பிவந்த அந்த முழக்கம் அதன் பிறகு எங்கள் தண்டையார்பேட்டைத் தேநீர்க் கடைகள் வரை பேச்சாகிவிட்டது. பேசுவோரில் பலர் கூட்டணி ஆட்சி நல்லதா கெட்டதா என்று வாதிடுகிறார்கள். பெரும்பான்மைக்குத் தேவையான 118 இடங்கள் எந்தக் கட்சிக்கும் கிடைக்காத பேரவையில் அந்த வாதத்துக்கு இடமே இருக்காது. ஆதரவு தரும் கட்சி மந்திரிசபைக்குள் அமர வேண்டுமா, வெளியிலிருந்து கை தூக்கினால் போதுமா என்றுதான் அங்கே முடிவெடுக்க வேண்டியிருக்கும். நான் ஒப்பிட விரும்புவது இந்த இரண்டையும்தான்.

வெளி ஆதரவின் பக்கம் பேசுவோருக்குத் தமிழகத்திலேயே வலுவான சான்று உண்டு. 2006 தேர்தலில் தி.மு.க. வென்றவை 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 22 குறைவு. காங்கிரசின் 34, பா.ம.க.வின் 18, மார்க்சிஸ்டுகளின் 9, இந்திய கம்யூனிஸ்டுகளின் 6 ஆகியவற்றைச் சேர்த்தால் 163 வரும். அத்தனை பேர் தோள் கொடுத்தும் அவர்களில் ஒருவர்கூட அமைச்சராகவில்லை. ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று ஜெயலலிதா ஓயாமல் குறிப்பிட்ட அந்த அரசு, 2008-இல் பா.ம.க. கூட்டணியிலிருந்து விலக்கப்பட்ட பின்னும் கவிழாமல் ஐந்தாண்டையும் முடித்தது. எல்லாத் துறைகளும் ஒரே கட்சியிடம் இருந்ததால், ஒரு கோப்பு இரண்டு கட்சி அலுவலகங்களுக்கு இடையே அலைய வேண்டியிருக்கவில்லை. மத்தியிலும், 2004 முதல் 2008 வரை இடதுசாரிகள் ஒரு அமைச்சர் பதவியும் பெறாமல், குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தின் பேரில் மன்மோகன் சிங் அரசைத் தாங்கினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005-இல் வந்தவை. வெளியே நிற்பவர்களால் நல்லது செய்ய முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆயினும் அதே வடிவம் தமிழகத்துக்குச் செய்த கேட்டையும் நாம் மறக்கக் கூடாது. 1990 நவம்பரில் காங்கிரசின் வெளி ஆதரவோடு சந்திரசேகர் பிரதமரானார். 1991 ஜனவரி 30 அன்று, கலைக்கப் பரிந்துரைத்து அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்திருந்த நிலையிலும், பேரவையில் பெரும்பான்மையோடு இருந்த தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. கலைக்கச் சொல்லி வற்புறுத்திய காங்கிரசும் அ.தி.மு.க.வும் சந்திரசேகரின் மந்திரிசபையில் இல்லை. பழி சந்திரசேகர் தலையில் விழுந்தது. அவருடைய அரசோ மார்ச் மாதமே பதவி விலகியது. 1979-இல் அதே காங்கிரசின் சொல்லை நம்பிப் பதவியேற்ற சரண் சிங், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே விலக நேர்ந்தது. வெளியே நிற்பவர் கேட்டது நடக்கும். நடந்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பாகும் என்று அரசமைப்பின் 164-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்பு அவரைக் கட்டாது.

இதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரம்பூர் தொகுதி 2006-இல் தேர்ந்தெடுத்தது ஒரு மார்க்சிஸ்ட் உறுப்பினரை. அரசு நிற்பதற்கு அவருடைய கையும் தேவைப்பட்டது. ஆனால் எந்தத் துறையின் கோப்பும் அந்தக் கைக்கு வராது. வாக்களித்தவர் மனுவை எடுத்துக்கொண்டு அவரிடம் போகலாம். அவரும் அதே மனுவை எடுத்துக்கொண்டு இன்னொரு கட்சியின் அமைச்சரிடம்தான் போக வேண்டும்.

மந்திரிசபைக்குள் கூட்டணி என்பது தமிழகம் காணாத புதுமை என்று சொல்வது சரியல்ல. 1952-இல் 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணப் பேரவையில் காங்கிரஸ் 152 இடங்களே பெற்றபோது, காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கரை ராஜாஜி அமைச்சராக்கிக்கொண்டார். 1954-இல் காமராசர் மந்திரிசபையில் உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியார் இடம்பெற்றார். கேரளத்தில் இது அன்றாட நடைமுறை. அதற்காக, உள்ளே அமர்ந்தவர் கவிழ்க்க மாட்டார் என்று எண்ணிவிடவும் கூடாது. வாஜ்பாய் அரசில் அமைச்சர்களை வைத்திருந்த அ.தி.மு.க. விலகியதால்தான் 1999 ஏப்ரல் 17 அன்று அது 269-க்கு 270 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. கர்நாடகத்தில் 2018-இல் காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பங்கிட்டுக்கொண்ட ஆட்சி பதினான்கு மாதங்களே தாங்கியது.

என்னை இதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது துறைப் பங்கீடு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் இங்கே அமைச்சராக முடியாது. ஆகவே ஒவ்வொரு துறைக்கும் பேரம் கடுமையாகவே இருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படியும் அனல்மின் சாம்பல் மின்துறையைச் சேர்ந்தது. கொசஸ்தலை ஆறு நீர்வளத்துறையைச் சேர்ந்தது. வலை வீசுபவரின் பிழைப்பு மீன்வளத்துறையின் பொறுப்பு. நீரின் தரமோ சுற்றுச்சூழல் துறையின் பொறுப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் ஒட்டிக்கொண்டு நின்றபோது, ஒரே கட்சியின் ஆட்சியிலேயே எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் அந்தக் குப்பத்து மக்கள் திண்டாடியதைப் பார்த்தேன். இந்த நான்கு துறைகளும் நான்கு கட்சிகளிடம் போனால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இன்னும் எளிதாகிவிடும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பிறகும் மந்திரிசபைக்குள் அமரும் கூட்டணியையே நான் விரும்புகிறேன். கைகாட்டும் அமைச்சரையாவது பேரவையில் எழுப்பிக் கேள்வி கேட்க முடியும். துறையே இல்லாத ஆதரவாளரை யாராலும் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டணி எழுத்தில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் கட்சிகள் ஆட்சி அமைக்கும் முன்பே, செய்யப்போவதைத் துறைவாரியாக எழுதிக் கையொப்பமிட்டு மக்கள் படிக்க வெளியிடுகின்றன. அரசின் தலைவரை நாடாளுமன்றம் நீக்க, அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. அதை இங்கே கொண்டுவர அரசமைப்பைத் திருத்த வேண்டும். ஒப்பந்தம் எழுதி வெளியிடுவதற்கு எந்தத் திருத்தமும் வேண்டாம். தலைவர்கள் மனம் வைத்தால் பதவியேற்புக்கு முன்பே முடிகிற வேலை அது. அப்படியொன்று வெளிவந்தால், யாருக்கு எத்தனை அமைச்சர்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, எண்ணூர் முகத்துவாரத்துக்கு எந்த அமைச்சர் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.